சிவப்புக் குஞ்சு

எழுபதுகளின் கடைசியில் அவனியாபுரத்துப் பையன்கள் தூண்டில் செய்யப் பெரிய செலவு இல்லை. கோலுக்கு மூங்கில் குச்சி, தக்கைக்கு மயிலிறகுத் தண்டு, அது கிடைக்காவிட்டால் காய்ந்த சோளத்தட்டை. மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் ஒரு பிடி குப்பையைக் கிளறினால் மண்புழு. நரம்புக்கும் முள்ளுக்கும் மட்டும்தான் கடைக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் கண்மாய்க் கரையில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். இருட்டும்போது ஆளுக்கு ஐந்தாறு கெண்டையை ஈர்க்கில் கோத்துத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவோம்.

என் தாத்தா எனக்கு முள் கட்டச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே வேறொன்றைச் சொல்லிக் கொடுத்தார். ஒரு கார்த்திகைக் காலையில் மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் கொதிப்பதுபோலத் துள்ளிக்கொண்டிருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. கரையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். மிளகாய்ப் பழ நிறத்தில் விரால் குஞ்சுகள். நூறு இருக்கலாம், இருநூறு இருக்கலாம். ஒரு சாண் அகலத்துக்குள் பந்தாகத் திரண்டு நீந்தின. காற்றுக் குடிக்க ஒன்றாக மேலே வந்தன, ஒன்றாகக் கீழே இறங்கின. அதற்கு ஒரு முழம் கீழே கறுப்பாக ஒரு நிழல், கொஞ்சம் தள்ளி இன்னொன்று. தாயும் தகப்பனும். குஞ்சுக் கூட்டத்தின் நடுவே எது விழுந்தாலும் அவை பாய்ந்து கடிக்கும் என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரியும். தவளைக் குஞ்சை முள்ளில் கோத்துக் கையை ஓங்கினேன். தாத்தா பின்னாலிருந்து கோலைப் பிடித்துவிட்டார்.

"குஞ்சு கருக்குற வரைக்கும் அங்கிட்டுப் போகக் கூடாதுடா. இப்பப் புடிச்சா ஒத்த மீனு. விட்டா வர்ற வருசம் கம்மா பூராம் மீனு."

இதை அவருக்கு எந்த அதிகாரியும் சொல்லவில்லை. கண்மாய்க்கு அப்போது அப்படிப் பல கட்டுப்பாடுகள் இருந்தன. பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றி இடுப்பளவுக்கு வந்ததும் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். கண்மாய் அழிப்பு என்று அதற்குப் பெயர். கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். வீசியதும் ஊத்தா, கச்சா, கொசுவலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு ஊரே இறங்கும். ஆளுக்குக் கிடைத்தது அவரவர் வீட்டுக் குழம்புக்கு, விற்பதற்கு இல்லை. மேலூர், சிங்கம்புணரிப் பக்கம் மீன்பிடித் திருவிழா என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. எங்கள் பக்கம் நின்றுபோனது.

மீன் பாசி ஏலம் வந்த பிறகு கண்மாய் குத்தகைக்காரர் கைக்குப் போனது. பணம் கட்டி, கட்லா, ரோகு, மிருகால் குஞ்சு வாங்கி விடுகிறவர் மீனைக் காவல் காக்கத்தான் செய்வார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் குத்தகை முடிகிற மாதத்தில் கொசுவலைக் கண் அளவுக்குச் சின்னக் கண் வலையைப் போட்டு அரித்து, கடைசிக் குழியில் கிடக்கும் தண்ணீரையும் மோட்டார் வைத்து இறைத்துவிடுகிறார்களே, அதற்குத்தான் மனம் ஒப்பவில்லை. அந்தக் குழித் தண்ணீரில் கிடக்கும் விராலும் கெளுத்தியும்தான் அடுத்த மழைக்கு விதை. எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு குத்தகைக்காரரின் ஆள் என் கோலை முழங்காலில் வைத்து முறித்தார். அன்றைக்கு என் ஈர்க்கில் இருந்தவை நாலு கெண்டை.

அவனியாபுரம் 2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. வயல் மனையானது. அயன்பாப்பாக்குடி கண்மாயில் வெள்ளை நுரை பொங்கி, பஞ்சு மாதிரி சாலைக்குப் பறந்ததை ஊரே பார்த்தது. வீட்டுச் சாக்கடையில் கரைந்து வரும் சோப்பு, தண்ணீர் விழுந்து கலங்கும் இடத்தில் நுரையாகிறது. நுரையாவது கண்ணுக்குத் தெரிகிறது. கழிவு மக்கும்போது தண்ணீரில் இருக்கிற உயிர்க்காற்றைத் தின்றுவிடுவது தெரிவதில்லை. முதலில் கெண்டை போகும். அடி மணலில் கிடக்கும் அயிரை, மணல் சேறானதும் போகும். பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்து ஆக்கும் அயிரைக் குழம்பு மதுரையின் பெருமை. அந்த அயிரையை எங்கள் ஊர்த் தண்ணீரில் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது.

இப்போது தூண்டில் போட்டால் வருவது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. 1952-இல் வெளிநாட்டிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்த மீன். எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், வாயிலேயே குஞ்சைக் காப்பாற்றும். அடுத்து வருவது ஆப்பிரிக்கக் கெளுத்தி. மேலே வந்து காற்றைக் குடித்துச் சாக்கடையிலும் வாழும், நாட்டு மீன் குஞ்சு அத்தனையையும் விழுங்கும். மத்திய அரசு அதை வளர்க்கக் கூடாதென்று சொல்லி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கண்மாயில் அது பாட்டுக்கு இருக்கிறது.

தூண்டில்காரர்கள் கூடும் டீக்கடையில் இப்போது வேறு பேச்சு. கேரளத்தில் 2010-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தை வைத்து, மழை தொடங்கியதும் முட்டையோடு வயலுக்கும் ஓடைக்கும் ஏறும் மீனைப் பிடிக்கக் கூடாதென்று தடுக்கிறார்கள். அந்த மீனேற்றத்துக்கு அங்கே ஊத்த என்று பெயர். நமக்கு ஊத்தா என்றால் மீன் கவிழ்க்கும் கூடை. நம் கடலிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போவதில்லை. கண்மாய்க்கும் குளத்துக்கும் அப்படி ஒன்று வந்தால் என்ன ஆகும் என்பதுதான் கவலை. "வலைக்காரனை விட்டுட்டு நம்ம கோலைத்தான் மொதல்ல புடுங்குவாங்கெ" என்கிறார் என்னோடு முப்பது வருஷமாகக் கரையில் உட்காரும் மாப்பிள்ளை ஒருவர். முறித்த கோலைக் கையில் வாங்கியவன் நான். அந்தப் பயத்தைத் தவறென்று சொல்ல என்னால் முடியாது.

ஆனாலும் விதி வரட்டும் என்பதே என் கட்சி. ஐப்பசியும் கார்த்திகையும் நாட்டு விராலுக்கு விடுமுறை என்று எழுதினால் என் முள்ளை அன்றைக்கே கழற்றிவிடுவேன். அதே தாளில் வலைக் கண்ணின் அளவையும், குழித் தண்ணீரை இறைக்கக் கூடாது என்பதையும், சாக்கடை வாய்க்கால் கண்மாயில் சேரக் கூடாது என்பதையும் எழுத வேண்டும். புதிதாக அதிகாரம் தேட வேண்டியதுகூட இல்லை. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. அன்று எழுதிய தண்டனை 2 மாதச் சிறை அல்லது 200 ரூபாய். வலைக் கண்ணுக்கு அளவு வைக்கவும், குறித்த நீர்நிலையில் 2 வருஷம் வரை மீன்பிடிப்பை நிறுத்தவும் மாகாண அரசுகளுக்கு அப்போதே அதில் இடம் இருந்தது.

எழுதுமுன் கரையில் உட்காருகிறவனையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தை முதல் நாள் வாடிவாசல் திறக்கிற ஊர் இது. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டதையும், 2017-இல் தெருவில் உட்கார்ந்து சட்டம் வாங்கியதையும் பார்த்தோம். இன்று மாட்டுக்கும் வீரருக்கும் மருத்துவப் பரிசோதனை, பதிவு, நேரக்கணக்கு எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டுத்தான் நடத்துகிறோம். விளையாட்டை விட்டுவைத்ததால் விதியையும் ஏற்றுக்கொண்டோம்.

போன கார்த்திகையில் ஊருக்குத் தெற்கே, இன்னும் சாக்கடை எட்டாத ஒரு கண்மாய்க்குப் போயிருந்தேன். மடையோரம் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் புதுக் கோலோடு நின்றான். சுருள் சக்கரம் வைத்த கோல், ரப்பர்த் தவளை. அவன் குறி வைத்த இடத்தைப் பார்த்தேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மிளகாய்ப் பழ நிறம்.

"தம்பி, அது தாய். குஞ்சு கருத்ததும் வாப்பா."

கையை ஓங்கியபடியே திரும்பினான். "பெருசு, இங்க புடிக்கக் கூடாதுன்னு ரூல் போட்டுட்டாங்களா?"

"இன்னும் போடலப்பா."

கொஞ்ச நேரம் என்னையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். குந்தி உட்கார்ந்து குஞ்சுகள் மேலே வருவதையும் இறங்குவதையும் கவனித்தான். பிறகு நரம்பைச் சுற்றிக்கொண்டு மடைக்கு அந்தப் பக்கம் நடந்தான்.