பாலாற்றில் மிதவை

கேள்வி: கோடை வெயிலைத் தணிக்கக் குடும்பத்துடன் பாலாற்றில் ராஃப்டிங் செல்ல இயலுமா? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: ராஃப்டிங் என்பது காற்றடைத்த ரப்பர் மிதவையில் அமர்ந்து, பாறைகளுக்கிடையே சீறிப்பாயும் ஆற்றைத் துடுப்பால் சமாளித்துக் கடக்கும் விளையாட்டாகும். நந்தி மலைப்பகுதியில் தோன்றி வயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாறோ, சித்திரையில் பெரும்பாலும் மணலுக்கடியில் ஊற்றாகவே ஒளிந்துகொள்வதால், மிதவை குடும்பத்தைச் சுமப்பதற்கு மாறாக, குடும்பமே மிதவையைத் தலையில் சுமந்து, சுடுமணலில் கால் கொப்பளிக்க அக்கரை சேர நேரிடும். ஆகவே, கடல்நீர் உட்புகுந்து தேங்கும் உப்பங்கழியான முட்டுக்காட்டில், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984 முதல் நடத்திவரும் படகுக் குழாமே உகந்தது. அங்குக் கிட்டாத சாகச உணர்வை, ஞாயிறு மாலைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் போக்குவரத்து கட்டணமின்றியே வழங்கிவிடும்.