கர்ணத்துக்கு ஒரு குறுக்கு வழி

நெய்வேலி நகரியத்தில் பிளாக்குக்குத் தமிழ்ப் பெயர் வட்டம். போய்ப் பார்த்தால் நேர்ச்சாலைகளுக்கு நடுவே கட்டம் கட்டமாகக் குடியிருப்பு. கவராயமும் அளவுகோலும் கொண்டு வட்டத்தைச் சதுரமாக்க முடியாது என்று லிண்டமன் 1882-இல் நிரூபித்ததை இந்த ஊர் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட ஊரில் மூலைக்கு மூலை குறுக்கே நடப்பவருக்கு எத்தனை மீட்டர் மிச்சம்? வாட்ஸ்அப்பில் அதற்கொரு சூத்திரம் போதையனார் என்ற புலவரின் பெயரில் சுற்றுகிறது. பெரிய பக்கத்தில் எட்டில் ஒன்றைக் கழித்து, சிறிய பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம். வர்க்கமூலம் வேண்டாம், பித்தாகரசும் வேண்டாம். 3, 4 போட்டால் 5. 5, 12 போட்டால் 13. பகிர்கிறவர் அத்தோடு நிறுத்திக்கொள்வார், கெட்டிக்காரர்.

100 மீட்டர் சாலையையும் 10 மீட்டர் சந்து ஒன்றையும் போட்டால் 92.5 வருகிறது. சாய்ந்து போகும் வழி சாலையைவிடவே குட்டை! உத்தேசக் கணக்குக்குச் சில இடங்களில் உதவும். பித்தாகரசை நாடு கடத்த உதவாது.

சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனும் உத்தேசக் கணக்குப் போட்டவர்தான். வட்டத்துக்கு ஏறக்குறைய சமமான சதுரம் வரையும் முறையை 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். பிழை எவ்வளவு என்பதையும் அவரே கீழே குறித்துவிட்டார்: தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு, 1,40,000 சதுர மைல் பரப்புள்ள வட்டத்துக்கு, பக்க நீளத்தில் சுமார் ஓர் அங்குலம்.