ஹீட்டர் தின்ற கால்சியம்

கேள்வி: வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கிறேன். கால்சியம் ஊற்ற ஊற்றக் குறைகிறதே, எங்கேதான் போகிறது?

பதில்: கொஞ்சம் பவளத்துக்கு, மிச்சம் ஹீட்டருக்கு! மின்சாரத்தை நிறுத்தி, ஆறியபின் ஹீட்டரைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று வெள்ளைப் படிவு தட்டுப்பட்டால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கால்சியம்தான் அது.

பவளம் தன் கூட்டைக் கட்டக் கால்சியத்தோடு கார்பனேட்டும் வேண்டும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் செலவானால், கார்பனேட் இருப்பைக் காட்டும் காரத்தன்மை 2.8 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) இறங்கிவிடும். தொட்டியில் வழக்கமாக இருக்கும் அளவோடு ஒப்பிட்டால், முன்னது 420இல் 20. பின்னது 8இல் கிட்டத்தட்ட 3. எது முதலில் காலியாகும், நீங்களே சொல்லுங்கள்! ஆகவே அடிக்கடி சோதிக்க வேண்டியது காரத்தன்மையைத்தான், அதுவும் ஒவ்வொரு முறையும் நாளின் ஒரே நேரத்தில். மக்னீசியம் லிட்டருக்கு 1,300 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அது குறைந்தால் ஊற்றுவதெல்லாம் எளிதில் சுண்ணாம்பாகப் படியும்.

சிறிய தொட்டிக்குச் சுண்ணாம்புத் தெளிநீர் அருமையான மருந்து. கால்சியம், காரத்தன்மை இரண்டையும் சரியான அளவில் சேர்த்தே தரும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு வேண்டாம். உணவுத் தரத்தில் வாங்குங்கள். காரம் அதிகம், மொத்தமாகக் கவிழ்க்காதீர்கள். ஆவியான நீருக்குப் பதிலாக, பி.எச். இறங்கும் ராத்திரி வேளையில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அடியில் தங்கும் வெள்ளைச் சேறு மட்டும் தொட்டிக்குள் போகவே கூடாது.