பெருஞ்சொகுசுச் செடான் காரின் செயல்திறன் எண்கள்: பயன்படாத எண்களின் பயன் குறித்த ஓர் ஆய்வு

பெருஞ்சொகுசுச் செடான் என்று இக்கட்டுரையில் குறிக்கப்படுவது, நான்கு கதவும் தனி டிக்கியும் ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமும் இரண்டு டன்னை ஒட்டியோ தாண்டியோ நிற்கும் எடையும் கொண்டு, விலை கொடுத்தவர் பின்னிருக்கையிலும் சம்பளம் வாங்குபவர் முன்னிருக்கையிலும் அமரும்படி அமைந்த ஊர்தியாகும். இதன் விளம்பர ஏட்டில் குதிரைத்திறன், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டப் பிடிக்கும் நேரம், உச்ச வேகம் என மூன்று எண்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஓட்டுநர் இவற்றை மெய்ப்பித்துக் காட்டினால் வேலை போய்விடும். உரிமையாளரோ மெய்ப்பிக்க வழியில்லாத இருக்கையில் அமர்ந்திருக்கிறார். ஆகவே இவை யாருக்காக அச்சிடப்படுகின்றன என்ற வினா ஆராயத் தக்கதாகிறது.

முதலாவது குதிரைத்திறன். 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் ஆற்றலே மெட்ரிக் குதிரை ஒன்று. ஜேம்ஸ் வாட் வகுத்த பிரிட்டிஷ் குதிரை இதைவிடச் சற்றே வலியது. அமெரிக்கக் குதிரையின் இயல்பு இன்னும் விசித்திரமானது. 7.7 லிட்டர் எஞ்சின் பூட்டிய காடிலாக் செடான் டிவில், 1971ஆம் ஆண்டு ஏட்டில் 345 குதிரைகளுடன் காட்சியளித்து, 1972ஆம் ஆண்டு ஏட்டில் அதே எஞ்சினுடன் 220 குதிரைகளாகச் சுருங்கியது. எஞ்சினைத் தனியே கழற்றி, விசிறி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் முதலிய சுமைகள் இல்லாமல் அளந்த பழைய முறையைக் கைவிட்டு, காரில் இருக்கும் கோலத்திலேயே அளக்கும் முறைக்கு மாறியதே இதற்குக் காரணம். இவ்வாறு 125 குதிரைகள் ஒரே குளிர்காலத்தில் மறைந்தும், சாலையில் சென்றவர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை என்பது இத்துறையின் அடிப்படை உண்மைகளுள் ஒன்று.

இவ்வுண்மையை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தார். தம் கார்களின் குதிரைத்திறனைப் பல பத்தாண்டுகள் வெளியிடாமல், கேட்டவர்க்குப் ‘போதுமானது’ என்று மட்டும் விடையளித்து வந்தார்கள். 1958ஆம் ஆண்டு டேவிட் ஓகில்வி அவர்களுக்காக எழுதிய பெயர்பெற்ற விளம்பரத்திலும், மணிக்கு 60 மைல் வேகத்தில் காரினுள் கேட்கும் மிகப் பெரிய ஓசை மின்கடிகாரத்தினுடையது என்ற செய்திதான் தலைப்பில் நின்றதே தவிர எஞ்சினின் வலிமை அன்று. எண்ணைச் சொன்னால் அடுத்த வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடப்படும். சொல்லாவிட்டால் ஒப்பிட வழியே இல்லை என்ற நுட்பம் இதில் அடங்கியிருக்கிறது. பி.எம்.டபிள்யூ உரிமையில் 2003ஆம் ஆண்டு வெளிவந்த பேன்டம் 453 குதிரை என்று வாய்திறந்துவிட்டது உண்மையே. எனினும், எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் முள் இருக்க வேண்டிய இடத்தில், இன்னும் செலவழிக்கப்படாத ஆற்றல் எத்தனை விழுக்காடு என்று காட்டும் முள்ளைப் பொருத்தி, மரபை ஒருவாறு காப்பாற்றிக்கொண்டது. எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்கையில் அம்முள் 100இல் நிற்கிறது. செய்யாத வேலையை அளந்து காட்டும் கருவி அலுவலகங்களுக்கும் ஏற்றது. ஏனோ அது கார்களோடு நின்றுவிட்டது.

இதே அடக்கத்தின் ஜெர்மானிய வடிவம் 1975இல் வந்த மெர்சிடிஸ் 450 எஸ்.இ.எல். 6.9. 286 குதிரைத்திறனும் மணிக்கு 225 கிலோமீட்டர் உச்ச வேகமும் கொண்டு, 100ஐ 7.4 நொடியில் எட்டிய இந்தக் காரை, அதன் எளிய உடன்பிறப்புகளிலிருந்து பிரித்துக் காட்டியது டிக்கி மூடியில் இருந்த 6.9 என்ற சிறு எண்ணே. அதையும் வேண்டாம் என்று சொல்லி வாங்கலாம். பணம் கொடுத்து எண்ணைப் பெற்று, அது பிறர் கண்ணில் படாமல் நீக்கச் சொல்வதே செல்வத்தின் முதிர்ந்த நிலை எனலாம்.

இரண்டாவது எண்ணாகிய நேரமே உண்மையில் சிக்கலானது. 2019ஆம் ஆண்டின் பென்ட்லி ஃபிளையிங் ஸ்பர் சுமார் 2.4 டன் எடையுடன் 635 குதிரைகளைக் கொண்டு 3.8 நொடியில் 100ஐ எட்டுவதாக அறிவிக்கப்பட்டது. சீரான முடுக்கம் என்று கொண்டால், பின்னிருக்கைக்காரர் தம் உடல் எடையில் முக்கால் பங்கு விசையுடன் சாய்மானத்தில் அழுத்தப்படுவார். கார் 53 மீட்டர் கடந்திருக்கும். அவர் கையிலுள்ள டம்ளரில் காபியின் மேற்பரப்பு சுமார் 37 பாகை சரிந்திருக்கும். அதே காரில் பின்னிருக்கைக்கெனப் பளபளக்கும் மடக்கு மேசையும் விற்கப்படுகிறது. மேசையில் டம்ளர் இருக்கும்போது 3.8 இல்லை, 3.8 நிகழும்போது டம்ளரில் காபி இல்லை. ஆக, ஒரே ஏட்டின் இரு பக்கங்கள் ஒரே காலத்தில் மெய்யாக இருக்க முடியாது என்பது இக்கணக்கால் நிறுவப்படுகிறது.

அமெரிக்கச் சோதனையாளர்களின் வழக்கம் காலத்தின் இலக்கணத்தையே அசைக்கிறது. நேர்வழிப் பந்தயத் திடல்களில் இருந்து வந்த மரபின்படி, கார் முதல் ஓரடி தூரம் உருண்ட பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். 2021இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டின் 1.99 நொடி என்ற எண் அந்த ஓரடியைக் கழித்துப் பெறப்பட்டதே. மேலும் அங்கு எட்டப்படும் 60 மைல் என்பது 96.6 கிலோமீட்டர்தான். புறப்படுவதற்கு முன்பே புறப்பட்டு, சேர வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே சேர்ந்துவிடும் இந்தப் பயணத்தைத் தர்க்க நூலார் கவனித்ததாகத் தெரியவில்லை.

உச்ச வேகம் குறித்து விரிவாக எழுத வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் பன்னிரண்டு சிலிண்டர் பி.எம்.டபிள்யூ 750 முதல், பெரிய ஜெர்மானியக் கார்களை மின்னணுக் கட்டுப்பாடு 250இல் நிறுத்தி வருகிறது. கூடுதல் பணம் கட்டினால் சில கார்களில் வேலி தள்ளிப்போகும். சென்னையை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் பி.எம்.டபிள்யூ ஆலையில் பூட்டப்படும் 7 சீரிஸுக்கும் இவ்வேலி உண்டு. விரைவுச்சாலைகளுக்கு வேக வரம்பு 120 என்று மத்திய அரசு 2018இல் வெளியிட்ட அறிவிக்கையையே சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்துவிட்டதால், எஞ்சியுள்ள 130 கிலோமீட்டரை உரிமையாளர் எங்கே செலவிடுவது என்பதற்கு ஏட்டில் விடை இல்லை.

இம்மூன்று எண்களின் உண்மையான இனம் மெய்க்கீர்த்தி என்பதே இவ்வாய்வின் முடிபு. மெய்க்கீர்த்தி என்பது சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளை அடுக்கிச் சொல்லும் பகுதி. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி காந்தளூர்ச்சாலையையும் வேங்கை நாட்டையும் கங்கபாடியையும் ஈழத்தையும் சொல்லி முடித்தபின், கல்வெட்டின் செய்தி ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு கொடுத்ததாக இருக்கக்கூடும். அவ்வாறே, 635 குதிரையும் 333 கிலோமீட்டர் உச்ச வேகமும் முழங்கியபின், பென்ட்லி கார் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வரச் செல்கிறது. ஆடு கொடுத்தவர் ஈழத்துக்குப் போனதில்லை. அவரிடம் அதை யாரும் கேட்பதுமில்லை.

மெய்க்கீர்த்தியால் கல்வெட்டறிஞர்க்கு ஒரு பயன் உண்டு. ஆட்சி வளர வளர வெற்றிகளும் கூடுவதால், எந்தெந்த வெற்றி இடம்பெற்றுள்ளது என்பதைக் கொண்டு, சிதைந்த கல்லின் காலத்தையும் ஏறக்குறைய மதிப்பிடலாம். அட்டை கிழிந்து ஆண்டு தெரியாத கார் ஏடுகளுக்கும் இம்முறை செவ்வனே பொருந்துகிறது: எண்ணே இல்லாமல் ‘போதுமானது’ என்ற தோரணை இருந்தால் அது பழைய ரோல்ஸ் ராய்ஸ், 7.4 நொடி பெருமையாகச் சொல்லப்பட்டிருந்தால் 1970களின் பிற்பாதி. இரண்டு நொடிக்கும் குறைவு என்றிருந்தால் அந்த ஏடு 2021க்கு முற்பட்டதன்று.