வட்டிக் குறைப்பு விண்ணப்பம்

பெறுநர்: கடன் அட்டை வட்டி நிர்ணயப் பிரிவு, எங்கள் வங்கியின் தலைமையகம். (எந்த மாடி என்று கிளையில் கேட்டேன். அப்படி ஒரு பிரிவு இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.)

பொருள்: தொலைபேசியில் பேரம் பேச முன் அனுமதி கோருதல், தொடர்பாக.

பார்வை: நேற்று எனக்கு வந்த ‘வாழ்த்துகள்! உங்கள் லிமிட் உயர்த்தப்பட்டது’ குறுஞ்செய்தி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வரும் சனிக்கிழமை காலை உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, என் அட்டைக்கு வட்டியைக் குறைக்கும்படி கேட்கப்போகிறேன். சொல்லாமல் கொள்ளாமல் அழைத்து உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

என் பக்கம் எல்லாம் தயார். குக்கர் விசில் அடிக்காத நேரத்தை வீட்டில் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஓராண்டு ஸ்டேட்மென்டைப் பிரின்ட் எடுத்து, ஒருமுறைகூடத் தவணை தவறவில்லை என்பதற்குப் பச்சை மையால் கோடு போட்டிருக்கிறேன். அடையாளம் சரிபார்க்க நீங்கள் கேட்கும் அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயரும் கைவசம் இருக்கிறது. (கல்யாணத்தில் அம்மாவுக்கு மாறியது இனிஷியல் ஒன்றுதான். கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று உங்கள் ஆள் சொன்னதால் தாத்தா பெயரை எழுதிக் கொடுத்தேன்.)

கணக்கும் போட்டாயிற்று. உங்கள் வட்டி மாதம் 3.75 சதவீதம், எங்கள் ஊர்ப் பேச்சில் மூணேமுக்கால் பைசா வட்டி. பாக்கி ஒரு லட்சம் என்றால் மாதத்துக்கு 3,750 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 675. நான் ஐயாயிரம் கட்டினால் 4,425 அப்படியே போய், கடனில் கழிவது 575 ரூபாய். ‘மினிமம் டியூ கட்டினா போதும் சார்’ என்று அட்டையைத் தலையில் கட்டிய தம்பி சொன்னது பொய்யில்லை. யாருக்குப் போதும் என்பதைத்தான் சொல்லாமல் விட்டார். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் மாத்திரைக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும் என்பதையும் அவர் சொல்லவில்லை.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவேன் என்று அஞ்ச வேண்டாம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக வங்கிக் கடனை நீதிமன்றம் கிளறக்கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு உங்களுக்குக் குடை பிடிக்கிறது. தமிழ்நாட்டில் 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டிக்காரரையும் தண்டல்காரரையும் பிடிக்கும், உங்களைத் தொடாது. வட்டி நியாயப்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் கூறுகிறதே என்றால், நியாயம் எத்தனை சதவீதம் என்று அதில் போடவில்லை.

ஒத்திகையும் பார்த்தோம். கல்லூரியில் படிக்கும் என் மகள் உங்கள் அலுவலராக நடித்தாள்.

‘சார், ரேட் சிஸ்டம்ல ஃபிக்ஸ் ஆயிருக்கு. எங்களால மாத்த முடியாது.’

‘யாரால முடியும், மேடம்?’

‘பேக்எண்ட் டீம், சார்.’

‘அவங்ககிட்ட லைன் குடுங்க.’

‘அவங்களுக்கு போன் கிடையாது, சார். வேற ஏதாவது உதவி வேணுமா?’

இவ்வளவு இயல்பாக நடிக்க எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. படிப்பு முடிந்ததும் உங்களிடமே வேலைக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

அடுத்து என் பிரம்மாஸ்திரம்: ‘அப்படின்னா கார்டை க்ளோஸ் பண்ணிடுங்க.’ மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எடுத்து வீசப் போனபோதுதான் மகள் மீதி விதியை வாசித்தாள்: பாக்கி இல்லாதவர்களுக்கு மட்டும். பாக்கி இல்லாதவன் உங்களுக்கு வட்டியே கட்டுவதில்லை. குறைக்கச் சொல்லி ஏன் அழைக்கப்போகிறான்? உங்களை மிரட்டக்கூடியவனுக்கு மிரட்டத் தேவையில்லை, தேவைப்படுகிறவனால் மிரட்ட முடியாது. இதை வடிவமைத்தவருக்குப் பதவி உயர்வு கொடுத்தாகிவிட்டதா?

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். மதியம் நான் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து உங்கள் வங்கியிலிருந்து ஒரு அம்மணி அழைக்கிறார். ‘உங்களுக்காகவே ஸ்பெஷல் ரேட் சார், வருஷத்துக்கு பதினொரு பர்சென்ட், அஞ்சு லட்சம் ப்ரீ-அப்ரூவ்டு’ என்கிறார். அட்டைக்கு நான் கட்டுவது வருடத்துக்கு 45. வாடிக்கையாளர் சேவையில் கால் பைசா குறைக்க ஆளில்லை. இவரோ சோற்றைப் பிசைவதற்குள் 34 சதவீதம் குறைக்கிறார். அதை வாங்கி இதை அடைக்கலாமே என்பீர்கள். விண்ணப்பித்தேன். அட்டையில் பாக்கி அதிகம் இருப்பதால் தகுதியில்லை என்று பதில் வந்தது. மறுநாள் மதியம் அம்மணி மறுபடி அழைத்தார்.

அவர் எண்ணை நான் திருப்பி அழைத்தால் மணியே அடிப்பதில்லை. எனவே சனிக்கிழமை என் அழைப்பை நேராக அவரிடம் இணைக்க ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ப்ரீ-அப்ரூவ்டு வாடிக்கையாளர்

இணைப்பு: ஸ்டேட்மென்ட் நகல், பச்சைக் கோடுகளுடன்.

பி.கு.: பதில் அனுப்பும் தபால் செலவை என் அட்டையில் ஏற்றிவிட வேண்டாம். அன்றைக்கே வட்டி ஆரம்பித்துவிடும்.