துணைக்கு வந்தவர்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்லூரியில் படித்தவர் என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் உங்களுக்கும் நினைவிருக்கும். ஒருவன் காவி வாளியையும் இன்னொருவன் நீல வாளியையும் தூக்கிக்கொள்ள, சுண்ணாம்பு அடிக்கிற மட்டையின் நுனியைத் தட்டித் தூரிகையாக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் ஊருக்குள் நடந்து போவோம். டீக்கடைச் சுவர், ரைஸ்மில் சுவர் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று அனுமதி கேட்டு, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், கண்தானம் செய்யுங்கள் என்று எழுதி முடிக்கையில் மதியமாகிவிடும். சுவரின் சொந்தக்காரர் முதலில் முறைப்பார், பிறகு "மழை பெஞ்சா அழிஞ்சிரும்லா?" என்பார், அப்புறம் சாக்கை விரித்து உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்க்கத் தொடங்கி, கண்தானம் என்றால் கண்ணை எப்போது எடுப்பார்கள், எரிப்பதற்கு முன்னாலா பின்னாலா என்று எங்களைக் குடைந்தெடுத்துவிடுவார்.

காந்தி நூற்றாண்டான 1969-ல், 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் எங்கள் காலத்தில் வெறும் 'என்.எஸ்.எஸ்.' ஆகிவிட்டிருந்தது. இன்று நான் பாடம் நடத்தும் கல்லூரியில் அதே திட்டத்தின் மாணவி ஒருத்தி, டெங்குவைப் பற்றிய சுவரொட்டியைக் கைப்பேசியிலேயே செய்து, வகுப்பு முடிவதற்குள் ஆயிரம் பேருக்கு அனுப்பிவிடுகிறாள். அழகாக இருக்கிறது, தகவலும் எங்களுடையதைவிடச் சரியாக இருக்கிறது. அவளிடம் யாரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. நாங்கள் கற்றுக்கொண்டதில் பாதி, அந்தச் சாக்கில் உட்கார்ந்திருந்தவருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் மறுநாள் நூலகத்துக்கு ஓடியதில் வந்தது.

எங்கள் விடுதியில் வாட்ச்மேன் அண்ணாச்சியின் அறையில் ஒரு நீள நோட்டு இருந்தது. யாருக்கு என்ன இரத்த வகை, எந்த அறை, கடைசியாக எப்போது கொடுத்தான் என்று கோடு போட்டு எழுதிய நோட்டு. நள்ளிரவு தாண்டி ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார். அண்ணாச்சி அரிக்கேன் விளக்கோடு மாடியேறி, "ஓ பாசிட்டிவ் ரெண்டு பேரு எந்திரிங்கப்பா" என்று கதவைத் தட்டுவார். இரத்தம் கொடுப்பவர்கள் இரண்டு பேராக இருந்தால் துணைக்கு நாலு பேர் சைக்கிளில் கிளம்புவோம். பணத்துக்கு இரத்தம் கொடுப்பவர்கள் மருத்துவமனை வாசல்களில் காத்திருந்த காலம் அது. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி முதல் அந்த வழக்கம் சட்டப்படி ஒழிந்தது. அதுவரை அந்த நீள நோட்டு எத்தனை குடும்பங்களை நகை அடகிலிருந்து காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கல்லூரியிலேயே முகாம் போடும் நாளில் எல்லோரும் மொய்க்கும் இடம் ஒன்று உண்டு: காப்பர் சல்பேட் கரைத்த நீல நீர் இருக்கும் கண்ணாடிக் குவளை. விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை அதில் விடுவார்கள். பதினைந்து நொடிக்குள் மூழ்கினால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் போதும், மிதந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எடை 45 கிலோவைத் தொட வேண்டும் என்பதற்காகக் குழாயடியில் வயிறுமுட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வரும் ஒல்லிப் பையன்களும், துளி மூழ்குகிறதா என்று மூச்சைப் பிடித்துப் பார்க்கும் பெண்களும், மூழ்கியதும் எழும் கைதட்டலும், 350 மில்லி கொடுத்துவிட்டு வந்தவனுக்குக் கிடைக்கும் பிஸ்கட்டும் காபியும், அவன் முகத்தில் அன்று சாயங்காலம் வரை இருக்கும் பெருமையும் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன. இன்று எங்கள் முகாமில் கையடக்கக் கருவி ஒன்று எண்ணாகவே சொல்லிவிடுகிறது, 12.5-க்குக் குறைந்தால் வீட்டுக்கு. கூட்டமும் இல்லை, கைதட்டலும் இல்லை. மாறாதது ஒன்றுதான், திருப்பி அனுப்பப்படும் பெண்களின் வரிசை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. கருவி மாறி என்ன, அவர்கள் தட்டில் கீரையும் முட்டையும் கூடவில்லையே என்று ஒவ்வொரு முகாமிலும் மனம் கனக்கிறது.

கிராம முகாம்களையும் சொல்ல வேண்டும். பத்து நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கி, பகலில் கிணற்றடியைச் சுத்தம் செய்து, மாலையில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்று வீடு வீடாகச் செய்து காட்டுவோம். ஒரு வீட்டில் ஆப்பிளும் முட்டையும் பாலும் வரைந்த அட்டையைக் காட்டிச் சத்துணவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு ஆச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெயில்ல வந்திருக்கீய, இதக் குடிங்க" என்று கம்மங்கூழும் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கொண்டுவந்து வைத்தார். 2023 உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது எங்கள் கல்லூரிக் கலையரங்கில் குளிர்சாதனம் ஓட, மண்கலயத்தில் அதே கூழை அடுக்கிவைத்து, அதன் சத்துகளைப் பலகையில் எழுதியிருந்தார்கள். அந்த ஆச்சியின் பெயர்த்தி வயதிலுள்ள பெண்கள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்ததைப் பார்த்து எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் மறுநாள் கேன்டீனில் சிப்ஸ் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கியது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனிகளைக் கல்லூரி வளாகத்தில் விற்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. எங்கள் காலத்துக் கேட்டுக்கு வெளியே ஓலைப்பட்டையில் பதநீர் ஊற்றியவருக்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படவில்லை.

நடையும் அப்படித்தான். விடுதியிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கும், படம் விட்டு நடுராத்திரியில் திரும்பவும் நாங்கள் நடந்த நடைக்குக் கணக்கில்லை. இன்று பிள்ளைகள் மணிக்கட்டைப் பார்த்து இன்னும் இரண்டாயிரம் அடி பாக்கி என்கிறார்கள். நாளுக்கு 10,000 அடி என்ற அந்த இலக்கு 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது என்று சொன்னால் வியக்கிறார்கள். எண்ணிக்கொண்டாவது நடக்கட்டும். எங்கள் நடையில் பேச்சு இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் பழைய காலத்தைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டேன். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில்தான் கண்டறிந்தது. ஆனாலும் எங்கள் கல்லூரியில் அதைப் பற்றிப் பேச வந்த மருத்துவர், பெண்களை வெளியே அனுப்பிய பிறகும் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். பிறகு எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தின் புள்ளி ராஜா வந்து ஊர்ச் சுவர்களில் எல்லாம் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. மாதவிடாய் என்ற சொல்லை மேடையில் யாரும் உச்சரிக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் எங்கள் விடுதியில் ஒருவன் சாப்பிடுவதைக் குறைத்தான், வகுப்புக்கு வருவதை நிறுத்தினான், ஒருநாள் அவன் அப்பா வந்து டிரங்குப் பெட்டியோடு கூட்டிப்போய்விட்டார். ஊரெல்லாம் நடந்து ஊருக்கே ஆரோக்கியம் சொன்ன எங்கள் நடுவே அவனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. அப்படி ஒரு வார்த்தை இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித் தரவும் ஆளில்லை. படிப்பில் கெட்டிக்காரன். அதன்பின் அவன் படிக்கவில்லை.

இன்று எங்கள் விடுதியில் ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் 14416 என்ற எண் ஒட்டப்பட்டிருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை. எந்த நேரத்திலும் அழைக்கலாம், காசு கிடையாது. நூலகத்துக்குப் பின்னால் மனநல ஆலோசகருக்குத் தனி அறை இருக்கிறது. முதல் ஆண்டில் அந்த அறைக்கு வந்தவர்கள் சொற்பம். கருத்தரங்குகள் நடத்தினோம், சுவரொட்டி ஒட்டினோம், இணையப் படிவம் நிரப்பச் சொன்னோம், வரவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கினார்கள். எப்படி என்று கேட்டேன். பெயர் எதுவும் சொல்லாமல் ஆலோசகர் சொன்னார்: "தனியா யாரும் வர்றதில்ல சார். ரூம்மேட் கூட்டிட்டு வர்றான். உள்ள பேசி முடியிற வரைக்கும் அவன் வெளிய நிக்கிறான்."

அப்படி நிற்பவர்கள் உட்கார ஒரு பெஞ்ச் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதினோம். அலுவலகத்திலிருந்து பழைய தேக்குப் பெஞ்ச் ஒன்று வந்தது. இந்தப் பருவத்தில் இடம் போதவில்லை. இன்னொன்று கேட்டு எழுதியிருக்கிறோம்.