வயசாயிடுச்சு: முதியவருக்குச் சிகிச்சையை மிச்சம்பிடிக்கும் முறைகள்

வீட்டில் எழுபது தாண்டியவர் இருக்கிறாரா? உடம்புக்கு முடியவில்லை என்கிறாரா? பதறாதீர்கள். கீழ்க்கண்ட முறைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் செலவும் மிச்சம், அலைச்சலும் மிச்சம். டாக்டர், மகன், மருமகள், காப்பீட்டு ஏஜென்ட் என யாரும் பயன்படுத்தலாம்.

1. நோயைத் தேடாதீர்கள்

போன வாரம் வரை பால் கணக்கைப் பைசா பிசகாமல் ஒப்பித்த பாட்டி, இன்று பெற்ற மகளையே “யாரும்மா நீ?” என்கிறாரா? “மூளை மங்கிடுச்சு, வயசு” என்று முடித்துவிடுங்கள். தப்பித்தவறியும் ரத்தத்தில் சோடியம் பார்க்க எழுதாதீர்கள். பிரஷர் மாத்திரையால் உப்பு இறங்கியிருக்கலாம், சிறுநீரில் தொற்று இருக்கலாம். அதைச் சரிசெய்து தொலைத்தால், சில நாளிலேயே பால்காரரிடம் மறுபடி சண்டைக்கு நிற்பார்.

2. நோயாளியிடம் பேசாதீர்கள்

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் மகனிடம் “மோஷன் போறாரா?” என்று கேளுங்கள். பெரியவர் வாயைத் திறந்தால் மகன் சொல்லவேண்டிய வசனம்: “நீங்க சும்மா இருங்கப்பா, நான் சொல்றேன்ல.” ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி நடத்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்பதெல்லாம் சீட்டில் எழுதுகிற விஷயமா?

3. இடுப்பெலும்பு முறிந்தால் ஆறப்போடுங்கள்

“இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா?” என்று கேட்டு, வெளியூர்ச் சொந்தங்கள் வந்துசேரும்வரை காத்திருங்கள். ஓரிரு நாளுக்குள் அறுவை செய்தால் எழுந்து நடக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆகவே அவசரம் ஆகாது. படுக்கையிலேயே விட்டால் புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என ஒவ்வொன்றாக வரும். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று நீங்களும் தலையாட்டலாம்.

4. சட்டத்தைக் காட்டாதீர்கள்

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. 60 வயது நிறைந்தவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இயன்றவரை படுக்கை, தனி வரிசை என்கிறது அதன் 20ஆம் பிரிவு. தனி வரிசைக்குப் பலகை மாட்டினால் போதும், பலகைக்குக் கீழே ஸ்ட்ரெச்சர்களை நிறுத்திக்கொள்ளலாம். முதியோருக்கென்றே சென்னை கிண்டியில் 2024இல் மருத்துவமனை திறந்த செய்தி வந்த பேப்பரையும் ஒளித்துவையுங்கள். பெரியவர் படித்தால் மின்சார ரயில் பிடித்துக் கிளம்பிவிடுவார்.

5. காப்பீட்டில் மனம் தளராதீர்கள்

65 வயதுக்கு மேல் புதுப் பாலிசி இல்லை என்று சொல்லித் திருப்பியனுப்பிய பொற்காலத்தை 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ முடித்துவைத்தது. 2025 ஜனவரியிலோ, மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் தன்னைக் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்று உத்தரவிட்டது. கவலை வேண்டாம். ஏற்றத்துக்குத்தான் அந்தக் கடிவாளம். சேரும்போதே பென்ஷன் தாங்காத தொகையைச் சொல்லிப் பாருங்கள், பெரியவர் தானாகவே எழுந்து போய்விடுவார்.

எச்சரிக்கை

பிறந்த வருஷத்தைக் கேட்டதோடு நிற்காமல் இதயம், சிறுநீரகம், நடை, மாத்திரைப் பட்டியல் எல்லாவற்றையும் பார்க்கிற டாக்டர்கள் சிலர் இருக்கிறார்கள். 82 வயதுக்காரருக்கு அறுவை செய்யலாம் என்பார்கள், 68 வயதுக்காரருக்கு வேண்டாம் என்பார்கள். காரணத்தை நோயாளியிடமே சொல்லி, “உங்களுக்குச் சம்மதமா?” என்றும் கேட்பார்கள். அங்கே இந்த வழிகாட்டி செல்லாது. அப்படி ஒருவரிடம் போய்வந்த பெரியவர், அடுத்த முறை உங்களை எதிர்பார்க்காமல் தானே டோக்கன் போட்டுக்கொள்வார்.